நாலாவிலிருந்து உலக உருண்டை வரை

பூமி எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால் ‘உருண்டை’ என்று தயங்காமல் விடை சொல்லும் ஏழு வயதுக் குழந்தை, அந்த உருண்டையின் எந்தப் பகுதியில் தான் நிற்கிறது என்று அடுத்துக் கேட்கும்போது என்ன சொல்கிறது என்பதில்தான் தொடக்கப் பள்ளிப் புவியியலின் முதன்மையான சிக்கல் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வியை ஐதராபாத் நகரக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஆலா சமரபுங்கவன், ஸ்டெல்லா வொஸ்னியாடு, வில்லியம் புரூவர் ஆகிய மூவரும் 1996-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், முதல் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படித்த, நாற்பதுக்கும் குறைவான குழந்தைகள் பங்கேற்றனர். பூமியைப் படமாக வரையவும், அதில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டவும், ஒருவர் திரும்பாமல் நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேர்வார், பூமிக்கு விளிம்பு உண்டா, பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விளக்கவும் அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வாயால் உருண்டை என்று சொன்ன பல குழந்தைகளின் மனத்தில் இருந்தது தட்டு வடிவப் பூமி என்பதும், அத்தட்டைத் தண்ணீர் தாங்கி நிற்பதாக அவர்கள் எண்ணினார்கள் என்பதும் இந்த விடைகளிலிருந்து தெரியவந்தது.

இதே ஆய்வாளர்களில் இருவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் குழந்தைகளிடம் நடத்தி 1992-இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில், வேறு சில கற்பனை வடிவங்கள் வெளிப்பட்டிருந்தன. உள்ளே குடைவான உருண்டை, அதன் அடிப்பகுதியில் சமதளம், அச்சமதளத்தில் மனிதர்கள் என்று சில குழந்தைகள் சொன்னார்கள். வானத்தில் ஒரு உருண்டைப் பூமியும் காலடியில் ஒரு தட்டைப் பூமியுமாக இரண்டு பூமிகள் இருப்பதாக வேறு சிலர் சொன்னார்கள். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. கண்ணால் காணும் தரை சமமாக இருக்கிறது, ஆசிரியரோ உருண்டை என்கிறார், இரண்டையும் பொய்யாக்காமல் ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரு குழந்தை தன் அறிவை முழுவதும் செலுத்திக் கட்டியெழுப்பும் விளக்கம் அது. ஐதராபாத் குழந்தைகள் அதே நெருக்கடியைத் தீர்ப்பதற்குத் தம் வீட்டிலும் தெருவிலும் கேட்ட கதைகளிலிருந்து பொருள் எடுத்துக்கொண்டார்கள். ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் கொண்ட புராணப் பூமியும், பாற்கடலும், நீரிலிருந்து மீட்கப்பட்ட நிலமும் அவர்களுக்கு அயலானவை அல்ல. இந்திய மரபு முழுவதும் தட்டைப் பூமியின் மரபு என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிழையாகும். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆரியபட்டர் பூமியைக் கோளம் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ‘பூமண்டலம்’ என்ற சொல்லில் வட்டத்தட்டும் ‘பூகோளம்’ என்ற சொல்லில் உருண்டையும் பொதிந்திருக்க, இரண்டையும் ஒரே பொருளில் வழங்கிவருகிறோம். இச்சொற்களைக் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இவ்வாய்வுகளின் முடிவை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. கேவின் நோப்ஸ் முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், படம் வரையச் சொல்வதும் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பதுமே குழந்தைகளைக் குழப்புகின்றன என்றும், பல மாதிரிகளைக் காட்டி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதே வயதுக் குழந்தைகள் மேலான விடை தருகிறார்கள் என்றும், குழந்தைகளிடம் இருப்பது முழுமையான தவறான கோட்பாடு அன்று, இணையாத அறிவுத் துண்டுகளே என்றும் வாதிட்டனர். கோட்பாடா துண்டுகளா என்ற விவாதம் உளவியலாருக்கு முக்கியமானது. வகுப்பறையைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: குழந்தையின் கையில் ‘உருண்டை’ என்ற சொல் இருக்கிறது, அச்சொல்லைக் காலடித் தரையோடு இணைக்கும் வழி இல்லை. அந்த வழியைப் பாடத்திட்டம் எங்கே அமைத்துத் தருகிறது, எங்கே தராமல் விடுகிறது என்பதையும், ஐதராபாத்தின் பேகம்பேட் போன்ற ஒரு பகுதியில் அதற்கு என்னென்ன வாய்ப்புகள் கண்முன்னே கிடக்கின்றன என்பதையும் இங்கே பார்க்கலாம்.

இந்தியப் பள்ளிகளுக்குள் உலக உருண்டை வந்த வரலாறே இச்சிக்கலுக்கு ஓரளவு காரணம். தமிழில் ரேனியஸ் பாதிரியார் எழுதிய ‘பூமி சாஸ்திரம்’ 1832-இல் அச்சேறியது. அதே காலத்தில் மாகாணத் தலைநகரங்களின் மிஷன் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் உலக உருண்டை மேசைமேல் ஏறியது. சுமதி ராமசாமி 2017-இல் வெளியிட்ட ‘டெரஸ்ட்ரியல் லெசன்ஸ்’ என்ற நூல் இந்த வருகையை விரிவாக ஆராய்கிறது. பழைய அண்டக் கதைகளைத் தோற்கடிக்கும் கருவியாக, மறுக்க முடியாத சான்றாகவே உலக உருண்டை இங்கே அறிமுகம் செய்யப்பட்டது. ‘இதோ பூமி’ என்று காட்டுவது அன்றைய ஆசிரியரின் வேலையாயிற்று. ‘இது பூமி என்று எப்படித் தெரியும்’ என்று கேட்பதற்கு வகுப்பில் நேரமும் இடமும் ஒதுக்கப்படவில்லை. இன்றும் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையின் அலமாரிமேல், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அது இருப்பது அந்தப் பழைய மரியாதையின் மிச்சம்தான்.

தொடக்க வகுப்புப் பாடநூல்களை அமைப்பவர்கள் உலக உருண்டையைக் கடைசிப் படியாக வைத்து, ‘அண்மையிலிருந்து சேய்மைக்கு’ என்ற முறையைப் பின்பற்றுகிறார்கள். வீடு, தெரு, பள்ளி, ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு, உலகம் என்று ஒன்றை மற்றொன்று சூழ்ந்த வட்டங்களாகப் பாடம் விரியும். ஐரோப்பாவில் பெஸ்டலோசியின் கல்விக் கருத்துகளை ஒட்டி வளர்ந்து, ஜெர்மானியப் பள்ளிகளில் ‘தாய்மண் பாடம்’ என்ற பெயரில் நிலைபெற்ற முறை இது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சமூக அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது; தெலங்கானாவிலும் மத்தியப் பாடத்திட்டத்திலும் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் ‘சூழ்நிலையியல்’ என்ற ஒரே பாடத்துக்குள் கலந்து வருகின்றன. பெயர் எதுவாயினும் உள்ளே இருக்கும் ஏணி பெரும்பாலும் இதுவே.

இந்த ஏணியின் குறை அதன் படிகள் நிர்வாக எல்லைகளால் ஆனவை என்பதில் இருக்கிறது. ழான் பியாஜே 1951-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜெனீவா நகரக் குழந்தைகளிடம் ஜெனீவாவையும் சுவிட்சர்லாந்தையும் வட்டங்களாக வரையச் சொன்னபோது, ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று வாயால் சொன்ன சிறு குழந்தைகள்கூட இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கும் என்பது கண்ணுக்குத் தெரியாத, வரைபடத்தில் மட்டுமே வாழும் உறவு; எட்டு வயதுக்கு முன் அதைப் பிடிப்பது பலருக்குக் கடினம். பேகம்பேட் குழந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. அதன் பெற்றோர் பள்ளியில் படித்தபோது மாநிலத்தின் பெயர் ஆந்திரப் பிரதேசம்; 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது, அதன்பின் பத்தாண்டுகள் ஐதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக இருந்தது. பத்தாக இருந்த மாவட்டங்கள் 2016 அக்டோபரில் 31 ஆகவும், 2019-இல் 33 ஆகவும் பெருகின. மனப்பாடமாகக் கற்ற எல்லைகள் ஒரு தலைமுறைக்குள் மும்முறை மாறிவிட்டன. இவற்றைக் கற்பிக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் இவற்றையே புவியியலின் முதுகெலும்பாக வைப்பதில் நியாயம் குறைவு.

எல்லைகளின் வட்டத்துக்குப் பதிலாக நீரின் வழியை முதுகெலும்பாக வைத்தால் பாடம் எப்படி அமையும் என்பதற்குப் பேகம்பேட் நல்ல களம். நிஜாம் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குச் சீதனமாகத் தரப்பட்டதால் இப்பெயர் பெற்றது என்று சொல்லப்படும் இந்தப் பகுதியினூடே கூக்கட்பள்ளி நாலா ஓடுகிறது. ‘நாலா’ என்பது ஐதராபாத்தின் எல்லா மொழிக்காரர்களும் வழங்கும் சொல். முன்பு மழைநீர் ஓடையாக இருந்து, இன்று கழிவுநீரையும் சுமக்கும் பெரிய வாய்க்காலை அது குறிக்கும். மேற்கே கூக்கட்பள்ளிப் பக்கத்திலிருந்து பாலாநகர், ஃபதேநகர் வழியாக வரும் இந்த நாலா பேகம்பேட்டைக் கடந்து உசேன் சாகர் ஏரியில் விழுகிறது. 1562-ஐ ஒட்டி, இப்ராகிம் குலி குதுப் ஷா ஆண்ட காலத்தில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் மிகைநீர் அசோக் நகர், நல்லகுண்டா வழியாக மூசி ஆற்றை அடைகிறது. விகாராபாத் அருகே அனந்தகிரி மலையில் பிறந்து கிழக்கே பாயும் மூசி, நல்கொண்டா மாவட்டத்தின் வாடபல்லியில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. கிருஷ்ணா ஹம்சலதீவியில் வங்காள விரிகுடாவைச் சேர்கிறது. பள்ளிக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் நாலாவில் விழுந்த ஒரு காகிதக் கப்பல் கடல்வரை போகும் வழி இது. இந்த வழியில் தெரு, நகரம், மாவட்டம், மாநிலம், அண்டை மாநிலம், கடல் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன; ஒவ்வோர் எல்லையும் ஒரு கதையின் திருப்பமாக நினைவில் நிற்கிறது. நாலாவின் நாற்றம் எங்கிருந்து வருகிறது, ஏரிக்குள் விழும் முன் யார் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கேள்விகளையும் குழந்தைகள் தாமே கேட்பார்கள். ஒன்பது வயதில் அக்கேள்விகளைத் தவிர்க்கத் தேவையில்லை.

இன்னும் வளமான ஒரு தொடர்ச்சி இதன் மறுபுறத்தில் உண்டு. ஐதராபாத்தின் குடிநீர்த் தேவையில் பெரும்பகுதியை இன்று கிருஷ்ணாவும் கோதாவரியும் நிறைவு செய்கின்றன. கிருஷ்ணா நீர் நாகார்ஜுன சாகர் அணையின் தேக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலாகக் குழாய்களில் வருகிறது. அத்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 590 அடி, அதாவது சுமார் 180 மீட்டர். பேகம்பேட் விமான நிலையத்தின் உயரம் சுமார் 530 மீட்டர். எனவே ஒவ்வொரு குடம் கிருஷ்ணா நீரும் சுமார் 350 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் தூக்கி வரப்படுகிறது. குளித்து, துவைத்து, கழுவி விட்டபின் அது தானே நாலாவிலும் மூசியிலும் இறங்கி, அணைக்குக் கீழே அதே கிருஷ்ணாவில் போய்ச் சேர்கிறது. ‘பீடபூமி’ என்ற சொல்லைப் பாடநூல் எல்லாக் குழந்தைகளுக்கும் வரையறையோடு தருகிறது. பீடபூமியின்மேலேயே பிறந்து வளரும் பேகம்பேட் குழந்தைக்குத் தான் உயரத்தில் இருப்பது தெரிவதே இல்லை, ஏனெனில் சுற்றியுள்ள எல்லாமே அதே உயரத்தில் இருக்கின்றன. ஏறிவரும் நீரும் இறங்கிப்போகும் நீரும்தான் அந்த உயரத்தைக் காட்டிக்கொடுக்கும் சான்றுகள். தமிழ் பேசும் குழந்தைக்கு இங்கே மொழியே துணை நிற்கிறது: ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும் ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும் வந்தன என்பர், மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும் நிலத்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கு வைத்த பெயர்கள் அவை, மூசியும் கிருஷ்ணாவும் காவிரியும் ஓடுவதும் அந்தச் சரிவில்தான். தெலுங்கின் ‘படமர’ சூரியன் விழும் பக்கத்தைக் குறிக்கிறது என்பர். செகந்திராபாத்திலும் பேகம்பேட்டிலும் ஒரே வகுப்பில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் பேசும் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஒவ்வொருவரும் தம் வீட்டில் திசைகளுக்கு வழங்கும் சொற்களைக் கொண்டுவந்து பலகையில் எழுதினால், ஒரு மொழி சூரியனைப் பார்த்தும் இன்னொரு மொழி நிலத்தைப் பார்த்தும் திசை சொல்வது தெரியவரும்.

நீரின் பாடத்தில் மழையின் அளவை விட்டுவிட முடியாது. 2000 ஆகஸ்ட் 24 அன்று பேகம்பேட் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 24 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரின் ஆண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். நாலாக் கரையின் குடியிருப்புகள் அன்று நீரில் மூழ்கின. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாட்டிலும் அளவுகோலும் இருந்தால் நான்காம் வகுப்புக் குழந்தை மழையை அளந்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரைமேல் ஒரு லிட்டர் நீர் என்று தெரிந்தபின், 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பள்ளி மொட்டைமாடியில் மட்டும் அந்த நாளில் 48,000 லிட்டர் விழுந்திருக்கும் என்று பெருக்கிச் சொல்லலாம். அது 5,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏறத்தாழ பத்து. அவ்வளவு நீரும் எங்கே போயிருக்கும் என்ற கேள்வியிலிருந்து 1908 செப்டம்பர் 28 அன்று மூசி கரைபுரண்டதையும், சுமார் 15,000 பேர் மாண்டதாகக் கூறப்படுவதையும், அதன்பின் விசுவேசுவரய்யாவின் ஆலோசனையோடு உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரு நீர்த்தேக்கங்கள் எழுந்ததையும் சொல்ல வழி பிறக்கிறது. தேங்கிய நீருக்கும் ஒரு வரலாறு இப்பகுதியில் உண்டு: 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்ட செய்தியோடு இணைந்த கட்டடம் பேகம்பேட்டில்தான் அவர் பெயரோடு நிற்கிறது. மழைக்காலத்தில் பள்ளியைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைக் குழந்தைகள் குறித்துவரும் படம், அவர்கள் வரையும் முதல் பயனுள்ள வரைபடமாக இருக்கக்கூடும்.

வரைபடம் என்றவுடன் இரண்டாவது பெரிய தடை எதிரே வருகிறது. நடக்கும் குழந்தை உலகைப் பக்கவாட்டில் காண்கிறது. வரைபடமோ உச்சியிலிருந்து காட்டுகிறது. இந்தப் பார்வை மாற்றம் எத்தனை வயதில் கைகூடும் என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஜேம்ஸ் பிளாட் என்ற புவியியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவிலும் போர்ட்டோ ரீக்கோவிலும் ஆறு வயதுக் குழந்தைகள்கூட விமானத்திலிருந்து எடுத்த படங்களில் வீட்டையும் சாலையையும் இனங்காண்பதைக் காட்டினர். லின் லிபன், ரோஜர் டவுன்ஸ் ஆகியோர் அதே வயதுக் குழந்தைகளின் பிழைகளைச் சேகரித்தனர்: வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் சாலை நேரிலும் சிவப்பாக இருக்கும் என்றும், அந்தக் கோடு சாலையாக இருக்க முடியாது, இரண்டு கார்கள் போக அதில் இடம் போதாது என்றும் குழந்தைகள் சொன்னார்கள். இந்தப் பிழைகள் மிக உயர்ந்த மதிப்புள்ளவை என்பது இக்கட்டுரையின் கருத்து. குறியீடு, அளவு, கோணம் என்று வரைபடத்தின் மூன்று மரபுகளில் எதைக் குழந்தை இன்னும் பெறவில்லை என்பதை ஒவ்வொரு பிழையும் தனித்தனியே சொல்லிவிடுகிறது. முதல் குழந்தைக்குக் குறியீடும் இரண்டாவது குழந்தைக்கு அளவுவிகிதமும் விளங்கவில்லை. இருவருக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுப்பது வீண்.

உச்சியிலிருந்து பார்க்கும் பார்வையைப் பழக்கவும் பேகம்பேட்டில் வாய்ப்புகள் உண்டு. அங்குள்ள விமான நிலையம் 2008 மார்ச் மாதம் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டபோது பயணிகள் சேவையை நிறுத்திக்கொண்டது. பயிற்சி விமானங்களும் அரசு விமானங்களும் இன்றும் வந்துபோகின்றன, ‘விங்ஸ் இந்தியா’ விமானக் கண்காட்சியும் அங்கே நடக்கிறது. அதிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் பாலாநகரில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் எடுத்த நிலப்படங்களைப் ‘புவன்’ என்ற தளத்தின் வழியே 2009-லிருந்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. விமான ஓடுபாதை, உசேன் சாகர், இருப்புப் பாதை ஆகிய மூன்றும் உச்சியிலிருந்து பார்த்தாலும் அடையாளம் மாறாத பெரிய வடிவங்கள். இவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடித்துவிட்ட குழந்தை, அவற்றுக்கிடையே தன் பள்ளியைத் தானே தேடிச் செல்லும். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகம் கொண்ட, 1923-இல் ஜாகிர்தார் கல்லூரியாகத் தொடங்கிய ஐதராபாத் பப்ளிக் ஸ்கூலும், ரசூல்புராவின் நெருங்கிய கூரைகளும் ஒரே படச்சட்டத்துக்குள் தெரிகின்றன. ஒரு நகரில் நிலம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் குழந்தைகளைப் பார்க்கவிட்டால் போதும்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி என்சிஇஆர்டி உருவாக்கிய சூழ்நிலையியல் நூல்கள் இந்த வழியில் கணிசமான தூரம் வந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்யும் பொருள்கள் என்று ஆறு கருப்பொருள்களை அவை எடுத்துக்கொண்டன. நீரும் பயணமும் அங்கே முதல் வரிசையில் இருந்தன. 2008-இல் வெளியான ஐந்தாம் வகுப்பு நூலில் ஒரு பாடம் கோல்கொண்டா கோட்டைக்குச் செல்லும் குழந்தைகளைப் பற்றியது. கோட்டையின் வரைபடமும் திசை அம்புகளும் அளவுவிகிதமும் அதில் வருகின்றன. அதற்கு அடுத்த பாடத்தில் உருண்டைப் பூமியைப் பற்றிக் குழந்தைகளே ஐயம் எழுப்பி வாதிடுகிறார்கள். குழந்தையின் ஐயத்துக்குப் பாடநூலில் இடம் தந்தது அந்த நூலின் பெரும் பேறு. 2024-லிருந்து மூன்றாம் வகுப்பில் தொடங்கிப் புதிய நூல்கள் அவற்றின் இடத்துக்கு வந்திருக்கின்றன. அந்த ஐயங்கள் புதிய பக்கங்களிலும் உயிரோடிருக்க வேண்டும்.

மீதமிருப்பது முதலில் எழுந்த கேள்வி: காலடித் தரையையும் உருண்டையையும் இணைப்பது எது? அதற்கு மிக எளிய கருவி ஒரு குச்சியின் நிழல். செங்குத்தாக நட்ட குச்சியைச் ‘சங்கு’ என்று பழைய வானநூலார் அழைத்தனர். குச்சியை நடுவாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் மாலையில் வெளியேறும் புள்ளியையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். காந்த ஊசி தேவையில்லை. தமிழர்க்கு இது புதிதல்ல. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை தேர்ந்த செய்தி வருகிறது. நிழல் எப்பக்கமும் சாயாத சித்திரை நாள்களை அதற்குத் தேர்ந்தெடுத்தனர் என்று உரையாசிரியர் விளக்குவர். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வாழ்பவர்களுக்கு மட்டுமே, ஆண்டுக்கு இருமுறை, வாய்க்கிறது. ஐரோப்பிய முறையை ஒட்டி எழுதப்பட்ட பாடங்களில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழுவதாகச் சொல்லப்படுவதுண்டு. பேகம்பேட்டில் அது உண்மையில்லை: மே 9-ஐ ஒட்டிய நாளிலிருந்து ஆகஸ்ட் 3-ஐ ஒட்டிய நாள் வரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது.

ஒரு மீட்டர் குச்சியை எடுத்துக்கொண்டால், ஜூன் 21 அன்று பேகம்பேட்டில் நண்பகல் நிழல் தெற்கே ஏறத்தாழ பத்தரை சென்டிமீட்டர். டிசம்பர் 22 அன்று வடக்கே 87 சென்டிமீட்டர். இந்த நண்பகலும் கடிகாரப் பன்னிரண்டு மணியில் வருவதில்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையில் கணிக்கப்படுகிறது, பேகம்பேட்டோ ஏறத்தாழ நான்கு பாகை மேற்கே இருக்கிறது. பூமியின் சுற்றுப்பாதையாலும் அச்சின் சாய்வாலும் வரும் வேறுபாடும் சேர்ந்துகொள்வதால், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு மணியை ஒட்டியும் பிப்ரவரி நடுவில் பன்னிரண்டரை மணிக்கும் நிழல் மிகக் குறுகுகிறது. இத்தனையும் மூன்றாம் வகுப்புக்கு வேண்டியதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துவரும் ஒரு வகுப்பு, ஆண்டு முடிவில் தன் திடலில் சூரியனின் பயணத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். திடல் இல்லாத பள்ளிக்கு மொட்டைமாடியும், ஒரு வாளி மணலில் நட்ட குச்சியும் போதும்.

இத்தகைய கல்விக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் உண்மையானவை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் நாற்பது குழந்தைகளை நாலாக் கரைக்கு அழைத்துச் செல்வது ஆபத்தும் பொறுப்பும் நிறைந்த வேலை. தேர்வுத்தாள் மாவட்டப் பெயர்களைக் கேட்குமே தவிர நிழலின் நீளத்தைக் கேட்காது. ஆசிரியர் பயிற்சியில் புவியியல் கற்றவர்கள் தொடக்கப் பள்ளிக்கு வருவதும் குறைவு. லூசி ஸ்பிரேக் மிட்செல் 1934-இல் எழுதிய ‘யங் ஜியாகிரஃபர்ஸ்’ நூலில் புவியியலைத் தகவல்களின் தொகுதியாகப் பாராமல் உறவுகளைக் கண்டுபிடிக்கும் செயலாகப் பார்த்தார். அதற்கு ஆசிரியரே முதலில் தன் ஊரைக் கண்டறிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கினால், நாலாவைத் தொடர்ந்து ஏரி வரை ஒருமுறை நடந்த ஆசிரியர், குழந்தைகளைப் பள்ளி மாடியிலேயே நிறுத்தி, நீர் போகும் பக்கத்தைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்த முடியும்.

நிழலற்ற நாளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 3-ஐ ஒட்டிய நாளில் பள்ளி திறந்திருக்கும், வானம் பெரும்பாலும் பருவமழை மேகத்தால் மூடியிருக்கும். மே 9-ஐ ஒட்டிய நாளில் வானம் தெளிவாக இருக்கும், பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும். விடுமுறையில் பேகம்பேட் குழந்தைகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதே இங்கே வாய்ப்பாகிறது. ஒரு குழந்தை சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும், இன்னொன்று டெல்லியில் அத்தை வீட்டில் இருக்கும், பலர் ஊரிலேயே இருப்பார்கள். மே 9 அன்று அவரவர் ஊரின் நண்பகலில், ஒரே நீளமுள்ள குச்சியை மூவரும் நட்டால், ஒரு மீட்டருக்குச் சென்னையில் தெற்கே ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு நிழல் விழும். டெல்லியில் வடக்கே இருபது சென்டிமீட்டர் விழும். பேகம்பேட்டில் குச்சியின் அடியைத் தவிர வேறெங்கும் நிழல் இராது. சூரியன் அருகில் இருப்பதாகக் கொண்டால் தட்டைப் பூமியிலும் இப்படி நிகழலாம் என்று ஒரு குழந்தை வாதிட்டால், அந்த வாதம் சரியானது என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டு, சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற அடுத்த கேள்விக்குப் போகலாம். அந்த மூன்று அளவுகளோடு ஜூன் மாதம் வகுப்புக்குத் திரும்பும் குழந்தைகளின் முன் உலக உருண்டையை அலமாரியிலிருந்து இறக்கி வெயிலில் வைத்து, சென்னை, பேகம்பேட், டெல்லி இருக்கும் இடங்களில் மூன்று தீக்குச்சிகளை மெழுகால் ஒட்டி, நடுக்குச்சியின் நிழல் மறையும்வரை உருண்டையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னால், மற்ற இரண்டு நிழல்களும் எந்தெந்தப் பக்கம் விழுகின்றன என்பதை அவர்களே சொல்வார்கள்.